கல்லில் இருந்த ஒரு பெயர்

சேலத்திலிருந்து எங்கள் ஒண்டிக்கடைக்கு வரும் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பவர்கள் உண்டு. என் மினி டிராஃப்டர் பைக்குள் வேறொரு மருந்து இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் சில அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்து, பாதியாக மடித்து, நடுவில் பின் அடித்த சின்னப் புத்தகம். (கல்கியின் எழுத்துக்களை 1999-லேயே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால திருட்டு இல்லை!) ஐந்து பாகத்தையும் தூக்கிக்கொண்டு யார் மலையேறுவது?

இதை எழுதிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர். திருச்சியில் படித்தவர், பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கையில், 1921-ல், ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். மறு வருஷம் ஓராண்டு சிறை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஹால் டிக்கெட்டை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாங்க. கைக்கு வந்ததை ஒருத்தர் விட்டுட்டுப் போவாரா?

பிறகு அவர் நம்ம பக்கமே வந்தார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அப்போது அது சேலம் ஜில்லா. அப்புறம் ஆனந்த விகடன். 1941-ல் நண்பர் சதாசிவத்தோடு சொந்தமாக 'கல்கி'.

இனி வந்தியத்தேவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் அக்கா குந்தவை கொடுத்த தானங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறித்திருக்கிறார்கள். அந்த வந்தியத்தேவன் எப்படிப் பேசுவான், எதற்குச் சிரிப்பான்? கல்லில் கிடையாது. கல்கி, நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் சரித்திரங்களைப் படித்தார். ஓவியர் மணியத்தோடு இலங்கைக்கும் போய் இடங்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயருக்கு ஒரு குதிரை கொடுத்தார், கொஞ்சம் வாய்த்துடுக்கும் கொடுத்தார், ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார். நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் அவருடைய கற்பனைதான். ஆனால் எனக்கு வந்தியத்தேவன்தான் ஆச்சரியம்.

1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடர் வந்தது. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்த வீடுகள் ஏராளம். தொடர் முடிந்த அதே ஆண்டு, டிசம்பர் 5 அன்று, 55 வயதில் கல்கி காலமானார்.

எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. காப்பித் தோட்டத்துக் கூலி நோட்டில் அவர் பெயர் ஒரு வரி, பக்கத்தில் கைநாட்டு. போன மழையில் கரண்ட் போன ராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருக்கு முதல் அத்தியாயம் படித்துக் காட்டினேன். குதிரை ஏரிக்கரைக்கு வந்ததுமே, பையன் எந்த ஊர், யார் மகன் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். காலையில் முதல் பஸ் பிடிக்கணும், மிச்சம் நாளைக்கு என்றேன். எழுந்து போய் இன்னொரு மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்து வந்தார்.