விரல் பழகினாற் போதுமா?
பியானோ மேதை பிரான்ட்ஸ் லிஸ்ற்றின் வாழ்க்கை தரும் விடை

பியானோ பழகும் பிள்ளையொன்று வீட்டில் இருந்தால் மாலை வேளைகளில் ஒரே ஓசை கேட்டபடி இருக்கும். ஐந்து விரல்களும் வரிசையாக ஏறும், பின்பு இறங்கும், மீண்டும் ஏறும். அடுக்களையில் நிற்கும் தாய்க்குக்கூட அது மனப்பாடமாகி விடும். பிள்ளைக்குச் சலிப்பு, கேட்பவர்களுக்கோ தலையிடி. ஒரே அசைவை நூறு தரம் செய்வதால் விரல்கள் உண்மையாகவே தேர்ச்சியடைகின்றனவா, அல்லது காலந்தான் வீணாகின்றதா என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பே.

இந்த ஐயத்துக்குத் தம் வாழ்நாள் முழுவதாலும் விடையளித்த ஒருவர் இருந்தார். பியானோ வாசித்தவர்களுள் தலைசிறந்தவர் எனப் பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அவர். பிற்காலத்தில் கறுப்பு அங்கி தரித்துத் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்றவரும் அவரே. அவர்தாம் பிரான்ட்ஸ் லிஸ்ற்.

ஆட்டுப்பட்டி மேற்பார்வையாளரின் மகன்

லிஸ்ற் 1811ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி, அன்று ஹங்கேரி இராச்சியத்தில் அடங்கியிருந்த றைடிங் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று ஒஸ்திரியாவைச் சேர்ந்தது. தந்தை ஆடம் லிஸ்ற் எஸ்ற்றர்ஹாசி பிரபுக்களின் பண்ணையில் ஆட்டு மந்தைகளுக்குப் பொறுப்பான அலுவலர். இளமையிற் பிரான்சிஸ்கன் சபையில் நவசந்நியாசியாகச் சேர்ந்து, பின் அங்கிருந்து விலகியவர். இசையில் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. தமக்குக் கைகூடாததை மகனிற் காண விரும்பினார்.

சிறுவன் ஒன்பதாவது வயதிலேயே சபையேறினான். 1820இல் பிறெஸ்பேர்க் நகரில் அவன் வாசித்ததைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 600 கில்டர் உதவுவதாக வாக்களித்தனர். அந்த உதவியை நம்பித் தந்தை தம் உத்தியோகத்தை விட்டு, 1822இல் குடும்பத்தோடு வியன்னாவுக்குச் சென்றார்.

செர்னி என்னும் ஆசான்

வியன்னாவிற் சிறுவனுக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் செர்னி. இவர் பீதோவனின் மாணவர். இன்றுவரை உலகெங்கும் பியானோ பழகும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும். விரல் வேகத்துக்கும் தேர்ச்சிக்குமென அவர் எழுதிக் குவித்த பயிற்சி நூல்களே அதற்குக் காரணம்.

செர்னியின் முன் வந்தமர்ந்த பிள்ளை மெலிந்து வெளிறியிருந்தான். வாசிக்கும்போது ஆசனத்தில் தள்ளாடினான். எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்ற ஒழுங்கு அவனிடம் இருக்கவில்லை. விரல்களை அகப்பட்ட இடத்திலெல்லாம் எறிந்தான். எனினும் இயற்கை அவனுக்கு அள்ளிக் கொடுத்திருந்த வரத்தைக் கண்டு ஆசிரியர் வியந்தார்.

அவர் செய்த முதல் வேலை புதிய பாடல்களைக் கற்பிப்பதன்று. எல்லாச் சுரங்களிலும் தொடங்கும் சுரவரிசைகளைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். விரல் ஒழுங்கு, தாளக் கட்டுப்பாடு, ஓசைத் தெளிவு ஆகிய மூன்றையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கைதட்டல் பெற்றுப் பழகிய பிள்ளைக்கு இது கசந்தது. ஆயினும் சில மாதங்களில் தள்ளாட்டம் அடங்கியது. கைகள் கட்டுக்குள் வந்தன. சில பாடங்களின் பின் செர்னி வேதனம் வாங்க மறுத்து, இலவசமாகவே கற்பித்தார். நம் சங்கீதத்தில் சரளி வரிசை எவ்வாறு பாடகனின் குரலுக்கு நடைபாதை அமைத்துக் கொடுக்கின்றதோ, அவ்வாறே ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பயிற்சி லிஸ்ற்றின் கைகளுக்கு அடித்தளமிட்டது.

துயரமும் அழைப்பும்

1823இன் இறுதியிற் குடும்பம் பாரிஸ் சென்றது. அந்நகரின் இசைக் கல்லூரி அந்நியநாட்டான் என்ற காரணத்தாற் சிறுவனைச் சேர்க்க மறுத்தது. மறுத்த தலைவர் கெருபீனியும் இத்தாலியிலிருந்து வந்தவரே என்பது வேடிக்கை. அதன் பின் லிஸ்ற் பியானோ வாசிப்புக்கென எந்த ஆசிரியரிடமும் செல்லவில்லை.

1827இல் தந்தை பூலோன் துறைமுக நகரில் நோயுற்று இறந்தார். பதினைந்து வயது மகன் பாரிசில் வீடுவீடாகச் சென்று பாடஞ் சொல்லித் தாயைக் காத்தான். மறு ஆண்டு, மாணவியாயிருந்த ஓர் அமைச்சரின் மகள்மீது கொண்ட அன்பு அவளுடைய தந்தையாற் தடுக்கப்பட்டது. இளைஞன் மனமுடைந்து நோயுற்றான். ஆலயத்தில் நெடுநேரம் முழந்தாளிட்டான். குருமடத்திற் சேர விரும்பினான். தாயும் ஆன்ம குருவும் அவனைத் தடுத்தனர். அவனது அழைத்தல் இசையே என அவர்கள் எண்ணினர். அந்த ஆசை அணைந்துபோகாமல் நீறு பூத்த நெருப்பாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவருள்ளே கிடந்தது.

இருபதாம் வயதில் மீண்டும் முதற்பாடம்

1832ஆம் ஆண்டு பாரிசில் வாந்திபேதி பரவியது. அவ்வேளையில் இத்தாலிய வயலின் மேதை பகனினியின் வாசிப்பை லிஸ்ற் கேட்டார். ஒரு கருவியில் மனிதனால் இவ்வளவு சாதிக்க முடியுமா எனத் திகைத்தார். தாம் பியானோவில் இன்னும் தொடக்கத்திலேயே நிற்பதாக உணர்ந்தார்.

ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவர் மீண்டும் பயிற்சிக்கு அமர்ந்தார். நாள்தோறும் நான்கைந்து மணித்தியாலங்கள் வெறும் பயிற்சி மட்டுமே. மூன்றாஞ் சுர இணைகள், ஆறாஞ் சுர இணைகள், எட்டாஞ் சுரப் பாய்ச்சல்கள், ஒரே சுரத்தை விரைந்து அடித்தல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பழகினார்.

ஆனால் இங்கு நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஓடவிடவில்லை. பியானோவில் வரும் இடர்கள் யாவற்றையும் ஆராய்ந்து சில வகைகளுக்குள் அடக்கினார். எந்த இடத்திற் கை தடுக்குகின்றதோ அந்த இடத்துக்கே மருந்து தேடினார். இரண்டாவது, அதே நாட்களில் வேதாகமத்தையும், ஹோமர், பிளேட்டோ போன்றோரின் நூல்களையும் ஊன்றிப் படித்தார். பாக், பீதோவன், மோசாட் ஆகியோரின் ஆக்கங்களை ஆராய்ந்தார். விரல் உழைக்கும்போது உள்ளம் பட்டினி கிடக்க அவர் விடவில்லை.

அதே காலத்தில் இருவர்

ஜேர்மனியில் றொபேட் சூமான் என்னும் இளைஞரும் அதே ஆண்டுகளிற் பியானோ மேதையாக முயன்றார். பகனினியின் வாசிப்பு அவரையும் தூண்டியிருந்தது. விரைவில் முன்னேற வேண்டுமென்ற அவசரத்தில் அளவுமீறிப் பழகினார். விரலைக் கட்டி வைக்கும் கருவியொன்றையும் பயன்படுத்தினார். 1832 அளவில் அவரது வலக்கையின் நடுவிரல் சொற்கேளாமற் போயிற்று. மேடைக் கனவு அத்தோடு முடிந்தது. மூளைக்கும் தசைக்கும் இடையிலான கட்டளை பிசகும் ஒரு நோயே அதுவென இக்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். காரணம் யாதாயினும், வலியையும் களைப்பையும் மதியாத பயிற்சி ஆபத்தானது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது. சூமான் இறைவன் தந்த மற்ற வரத்தைக் கொண்டு பெரும் இசையாசிரியரானார் என்பது நமக்கு ஆறுதல்.

போலந்து தேசத்துச் சொப்பினோ வேறு வழியிற் சென்றார். பத்து விரல்களும் ஒரே பலமுடையனவாக வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஓர் இயல்புண்டு, அதை நன்கு பயன்படுத்துவதே கலை என்றார். மாணவர் ஒருநாளில் மூன்று மணித்தியாலத்துக்கு மேற் பழகுவதை அவர் விரும்பவில்லை. இவரும் லிஸ்ற்றும் நண்பர்கள். சொப்பின் தமது முதற் பன்னிரு பயிற்சி இசைகளை 1833இல் வெளியிட்டபோது அவற்றை லிஸ்ற்றுக்கே காணிக்கையாக்கினார்.

இன்றைய உடற்கூற்றியல் சொப்பினின் பக்கமே சாய்கின்றது. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. மோதிர விரலின் நாண் அயல் விரல்களின் நாண்களோடு புறங்கையிற் பிணைக்கப்பட்டுள்ளது. எத்தனை ஆயிரம் தரம் உயர்த்தினாலும் அந்தப் பிணைப்பு அறுந்துபோவதில்லை. உண்மையிற் பழகுவது விரலன்று, மூளையே. கவனத்தோடு செய்த அசைவை அது பதித்துக்கொள்கின்றது. பிழையோடு செய்த அசைவையும் அவ்வாறே பதித்துக்கொள்கின்றது. இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் பழகுவதும் இரவில் நன்றாக உறங்குவதும் அந்தப் பதிவை உறுதியாக்குகின்றன.

புகழின் உச்சியில்

1839 முதல் 1847 வரை லிஸ்ற் ஐரோப்பாவெங்கும் சுற்றினார். போர்த்துக்கல் முதல் உருசியா, துருக்கி வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் நடத்தினார். தனியொருவராகப் பியானோவோடு ஒரு முழுநிகழ்ச்சியை நடத்தும் வழக்கத்தை நிலைநாட்டியவர் அவரே. 1838இல் பெஸ்ற் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது வியன்னாவில் வாசித்து நிதி திரட்டினார். பொன் நகரில் பீதோவனுக்குச் சிலை எழும்பவும் பெரும்பொருள் ஈந்தார்.

ஆனால் அவர் வாழ்வில் நிழலும் இருந்தது. கணவனைப் பிரிந்து வந்த மரீ தகூல் சீமாட்டியோடு திருமணமின்றி வாழ்ந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். ஈற்றில் இருவரும் பிரிந்தனர். விரல்களை அடக்கியாண்ட அவரால் உள்ளத்தை அவ்வாறு அடக்க இயலவில்லை. இதை நாம் மறைப்பதற்கில்லை. அவரும் பிற்காலத்தில் மறைக்கவில்லை.

1847 செப்டெம்பரில், முப்பத்தைந்தாவது வயதில், பணத்துக்காக மேடையேறுவதை ஒரேயடியாக நிறுத்தினார். உலகில் எவருக்கும் இல்லாத கைத்திறன் கையில் இருக்க, அது மட்டும் போதாது என்று விலகினார். வைமார் நகரில் தங்கி இசை எழுதினார்; பிறரது ஆக்கங்களை அரங்கேற்றினார். பதினைந்து வயதில் எழுதிய எளிய பயிற்சிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி, 1852இல் பன்னிரண்டு பெரும் இசைப் படைப்புகளாக வெளியிட்டார். அவற்றை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? வேதனம் வாங்காமற் சுரவரிசை கற்பித்த பழைய ஆசான் செர்னிக்கே.

அங்கி தரித்த இசைஞர்

அதன்பின் சிலுவைகள் அடுத்தடுத்து வந்தன. மகன் தானியேல் 1859இல் இருபது வயதில் இறந்தான். மகள் பிளாண்டீன் 1862இல் இறந்தாள். வைமாரிற் பல ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்த கரோலின் இளவரசியைத் திருச்சபை முறைப்படி மணக்கும் முயற்சி, 1861இல் உரோமாபுரியில் திருமணத்துக்கு முந்திய நாளிலேயே தடைப்பட்டது.

1863இல் உரோமாபுரிக்கு அருகே மொந்தே மாரியோ குன்றிலுள்ள செபமாலை மாதா மடத்தில் ஒரு சிறு அறையிற் குடியேறினார். பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அங்கேயே நேரிற் சென்று அவரது வாசிப்பைக் கேட்டார். 1865 ஏப்ரலில் ஐம்பத்துமூன்றாம் வயதில் லிஸ்ற் திருநிலையினர் வரிசையில் முடிகளையும் சடங்கைப் பெற்றார். அதே ஆண்டு யூலையில் வாயிற்காப்போர் முதல் பீடப்பரிசாரகர் ஈறாக நான்கு சிறு பட்டங்களையும் பெற்றார். 1972இல் திருச்சபை மாற்றியமைத்த பழைய வரிசை அது. அவர் குருவாகவில்லை, பூசை நிறைவேற்றவுமில்லை. ஆயினும் இளமையில் தட்டிய கதவு ஓரளவேனும் திறந்தது.

அம்மடத்துக் காலத்தில் அவர் எழுதி முடித்த இரு பியானோ ஆக்கங்கள் நம் வினாவுக்கு முழு விடையாகின்றன. ஒன்று, அசிசியார் பறவைகளுக்குப் போதிப்பது. மற்றது, பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் கடலலைமேல் நடப்பது. அடுத்தடுத்த இரு சுரங்களை மாறிமாறி விரைந்து ஒலிக்கும் பயிற்சி அங்கே பறவைகளின் சிறகடிப்பாகின்றது. இடக்கையின் சுரவரிசை ஓட்டம் பொங்கும் அலையாகின்றது. இருபது வயதில் நாள்தோறும் அரைத்த மாவு ஐம்பது வயதில் நற்கருணை அப்பம்போல் ஓர் உயர்ந்த பணிக்கு உதவிற்று.

இலவசமாகப் பெற்றது இலவசமாக

வாழ்வின் இறுதிப் பகுதியில் வைமார், உரோமாபுரி, புடாபெஸ்ற் என மூன்று நகரங்களிலும் மாறிமாறி வசித்து, நாடுகள் பலவற்றிலிருந்து வந்த இளைஞர்க்குக் கற்பித்தார். தாம் செர்னியிடம் இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுத்தார். அவரது வகுப்பில் விரற்பயிற்சிக்கு இடமில்லை. அதை வீட்டில் முடித்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் இசையின் பொருளே பேசப்படும். ஆனால் பயிற்சியை அவர் இகழவுமில்லை. 1868 முதல் அவரே பெரியதொரு பயிற்சித் தொகுதியை எழுதினார். அது அவர் இறந்தபின்பே அச்சேறியது. 1886ஆம் ஆண்டு யூலை 31ஆம் திகதி பைறோயித் நகரில், எழுபத்துநான்காவது வயதிற் காலமானார்.

ஆகவே, விரற்பயிற்சியாற் பயனுண்டா என்று கேட்கும் பெற்றோர்க்கு இவ்வாழ்க்கை கூறும் விடை இதுவே. பயனுண்டு. ஆனால் காது கேட்கவேண்டும். மனம் விழித்திருக்க வேண்டும். வலி தோன்றினால் கை ஓய வேண்டும். கவனமுள்ள பதினைந்து நிமிடம் கவனமற்ற இரண்டு மணித்தியாலத்திலும் மேலானது. பழகும் பயிற்சி எந்தப் பாடலுக்கு உதவப்போகின்றது என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

செபமாலையின் மணிகளை உருட்டும் நமக்கு இது புதிதன்று. ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றோம். உதடு மட்டும் ஓடினால் அது வெறும் ஓசை. தேவ இரகசியத்தை உள்ளம் தியானித்தால் அதுவே செபம். இன்று மாலை உங்கள் பிள்ளை பியானோ முன் அமரும்போது, எத்தனை தரம் வாசித்தாய் என்று கேளாதீர்கள். வாசித்ததை நீ கேட்டாயா என்று கேளுங்கள்.