மலையருவியில் மின்னொளி கண்ட விமலசுரேந்திரா

ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாக லக்ஷபானவுக்குச் செல்லும் நம் மாணவர், அங்குள்ள அணையையும் நீர்க்குழாய்களையும் கண்டு வியப்பர். அவற்றை முதன்முதல் மனக்கண்ணாற் கண்ட பெரியாரை அறிந்தோர் சிலரே. அவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திரா.

1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் காலியிற் பிறந்த அன்னார், கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் கற்று, பின் பொறியியல் பயின்று, பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொன் உண்டோவென ஆராயும் பொருட்டுக் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்பவற்றின் பள்ளத்தாக்குகளுக்குச் சென்றார். பாறைகளினின்று வீழ்ந்து வீணே ஓடிய நீரே அவர் கண்ட பொன்.

தேயிலைத் தோட்டங்களுக்கு நீர்விசை அன்றும் புதிதன்று. பல தொழிற்சாலைகளின் இயந்திரங்களை ஓடைநீரே சுழற்றிற்று. ஆனால் தோட்டத்து ஓடை தோட்டத்துக்கே பயன்பட்டது. அந்நீரை நாடு முழுவதற்கும் பொதுவாக்க எண்ணியதே விமலசுரேந்திராவின் தனிச் சிறப்பு. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் அவர் அமைத்த சிறு நிலையம் நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் அவர் படித்த ஆய்வுரை, மேற்கூறிய இரு ஓயாக்களினின்றும் ஓரிலட்சம் கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் பெறலாமெனக் கணக்கிட்டுக் காட்டியது. கேட்டோரிற் பலர் நம்பினாரல்லர். 1920களில் தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவர் வாளாவிருக்கவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்து, அங்கும் லக்ஷபானவையே பேசினார்.

நீர் இருந்தால் மட்டும் போதாது என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். நகரில் விளக்குகள் எரியவும் அணையவும் மின்பிறப்பாக்கியின் பாரம் மாறுகிறது. அதன் வேகம் மாறாதிருக்க நீர்வாயிலைத் திறந்தும் ஒடுக்கியும் காக்க வேண்டும். மின்னழுத்தம் மாறாதிருக்க மின்காந்தத்தில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளவேண்டும். இக்காலத்தில் ஆகாய விமானங்களுக்கென ஆராயப்படும் நிலைக்காந்தப் பொறிகளில் இவ்வசதி இல்லை. காந்தத்தின் வலிமையை வேண்டியவாறு மாற்றல் அரிது. எஞ்சினின் வேகமோ அடிக்கடி மாறும். ஆதலின் வெளிவரும் மின்சாரத்தையே மின்னணுக் கருவிகள் சீராக்குகின்றன. வழி வேறாயினும், விமலசுரேந்திராவின் காலத்துப் பொறியியலாளர் எதிர்கொண்ட வினாவே இதுவும்.

1950இல் லக்ஷபான நிலையம் மூன்று பொறிகளுடன், 25,000 கிலோவாட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கிற்று. ஆய்வுரை படித்து 32 ஆண்டுகள் சென்றிருந்தன. அவருக்கு வயது 75ஐக் கடந்திருந்தது. கண்ணாற் காணும் பேறு கிடைத்ததே என நாம் மகிழலாம். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. அந்நீர் ஓடிய மலைகளிற் கொழுந்து பறித்தோரின் லயன்களிற் பெரும்பாலானவற்றில், அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

விமலசுரேந்திரா 1953இற் காலமானார். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் நோர்ட்டன் பிரிட்ஜ் மின்னிலையம் 1965இல் அவர் பெயரால் அமைந்தது.