அன்னை பீயம்மாள்

மௌலானா முகம்மதலி, ஷௌகத்தலி சகோதரர்களின் பெயரை நம் முன்னோர் மரியாதையுடன் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களை ஈன்ற அன்னையாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆபாதி பானு பேகம் என்பது இயற்பெயர். வட இந்தியாவில் ராம்பூர் சமஸ்தானத்தில் இளமையிலேயே கணவரை இழந்தார். மைந்தரின் ஆங்கிலப் படிப்புக்குக் குடும்பத்தார் பணம் தர மறுக்கவே, தம் நகைகளை அடகு வைத்துப் பரேலிக்கு அனுப்பினார்.

1915இல் சகோதரர் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். 1917இல், உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று அரசாங்கம் பத்திரம் நீட்டியது. கோஷாவிலிருந்த அன்னையார், இணங்கலாகாது என்று தீர்த்துச் சொன்னார். மைந்தர் பணிந்தனர், காவல் 1919 வரை நீண்டது. 1917 டிசம்பரில், கல்கத்தா முஸ்லிம் லீக் மாநாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முகம்மதலி வர இயலாதபோது, அன்னையாரே முகத்திரையுடன் பேசினார். பின்னர் 70 வயதிலும் கிலாபத் இயக்கத்துக்காக ஊரூராய்ச் சென்றார்.

1924இல் வகுப்புக் கலவரங்கள் மூண்டன. சமாதானம் வேண்டிக் காந்தியடிகள் 21 நாள் உண்ணாவிரதத்தை டில்லியில் முகம்மதலியின் இல்லத்திலேயே தொடங்கினார். அன்னையாரின் கடைசிக் கவலையும் அந்த ஒற்றுமையே. அவ்வாண்டு நவம்பர் 13இல் காலமானார்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை நடத்தும் நாம், வீட்டுக் காரியங்களில் தாய்மார் சொல்லைத் தட்டுவதில்லை. பொதுக் காரியங்களின் ஆலோசனையில் மட்டும் அவர்களை மறப்பது நியாயமா? சிந்திப்போமாக.