மேரி வர்கீஸ்: சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர்... அரசு வீடுகளுக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் என்ன?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு மாற்றுத்திறனாளிக்கு அரசுத் திட்டத்தில் வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர், வாசலில் நாலு படி இருக்கு. அந்த வீடு அவருக்குக் கிடைத்ததா, கிடைக்கவில்லையா?

இந்தியாவில் இதற்கெல்லாம் சட்டமே இல்லாத காலத்தில், இதே சிக்கலோடு 30 வருடத்துக்கும் மேல் வாழ்ந்து காட்டியவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் கதை தெரிந்தால், இன்றைய கட்டட விதிகளில் சாய்தளமும் கதவு அகலமும் ஏன் இடம்பெற்றிருக்கின்றன என்பது எளிதில் புரியும்.

யார் இந்த மேரி வர்கீஸ்?

1925-ல் கேரளத்தின் செராய் என்ற ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தார். மகளிர் நோய் மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

1954 ஜனவரி 30 அன்று சக மருத்துவர்களோடு வெளியூர் போனபோது அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு உடைந்தவர் பிழைப்பதே பெரிய விஷயம். பிழைத்தாலும் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மறுபடியும் எப்படி டாக்டர் ஆனார்?

வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கைக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அந்த வேலைக்கு மேரி வரலாமே என்ற யோசனை அவரிடமிருந்துதான் வந்தது.

மேரி ஒப்புக்கொண்டார். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. மேரியின் கால்கள் குணமாகவே இல்லை. அவர் செய்யக்கூடிய வேலை தேர்வானது, அவர் உட்காரும் உயரத்துக்கு ஏற்ப ஏற்பாடு மாறியது. அது போதுமானதாக இருந்தது.

அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். அங்குள்ள மறுவாழ்வு மருத்துவமனையில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகினார். பிறகு நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மேற்படிப்பு. 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, உடல் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966-ல், நோயாளிகள் தங்கியே பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் அவர் தலைமையில் அங்கே உருவானது. நாட்டிலேயே இத்தகைய முதல் மையங்களில் ஒன்று அது. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார்.

அப்போது சட்டம் எங்கே இருந்தது?

மாற்றுத்திறனாளிகள் கட்டடங்களைப் பயன்படுத்துவதற்கான முதல் அளவுத் தரம் அமெரிக்காவில் வெளியானது 1961-ல். அரசுப் பணத்தில் கட்டப்படும் கட்டடங்கள் எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1968-ல் வந்தது.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது 1995-ல்தான். அதாவது, மேரி இறந்து 9 வருடம் கழித்து. அவருக்குக் கிடைத்த வசதிகள் எல்லாம் ஒரு நல்ல மருத்துவமனையும் சில நல்ல மனிதர்களும் செய்து கொடுத்தவை. அந்த வாய்ப்பு இல்லாத நோயாளிகள் பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்பினால், சொந்த வீட்டு வாசற்படியே தடையாக நிற்கும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் படி இறங்கிவிடாது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். பிரிவு 37-ன்படி அரசின் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தர வேண்டும். அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. பிரிவு 44-ன்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, நிறைவுச் சான்றும் தரக் கூடாது.

2017-ல் வந்த விதிகளில் இந்த அளவுகள் வெறும் பரிந்துரை போலவே எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அளவுகள் என்னென்ன?

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அடிப்படையானவை மூன்று.

சாய்தளத்தின் சரிவு 1:12. அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும்.

கதவைத் திறந்த பிறகு கிடைக்கும் வழி 900 மி.மீ., அதாவது ஏறக்குறைய 3 அடி. நம்மூரில் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான்.

சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. இடம், சுமார் 5 அடி.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் தனிச் சிக்கல் என்ன?

2024 ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் உள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. இதைப் பார்த்தவர்கள் பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டத்தான் நினைப்பார்கள், அது நியாயமும்கூட.

ஆனால் பேஸ்மட்டம் 2 அடி என்றால் சாய்தளம் 24 அடி நீளம் வர வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் மொத்தப் பரப்பே 360 சதுர அடி, அரசு தரும் தொகை ரூ.3.50 லட்சம். சின்ன மனையில் வீட்டைக் கட்டி முடித்த பிறகு 24 அடிக்கு எங்கே போவது? அவசரத்துக்குக் கொத்தனார் செங்குத்தாக ஒரு சாய்தளம் போட்டுத் தருவார். அதில் நாற்காலி பின்னோக்கிச் சரியும். ஆள் தள்ளினால்தான் ஏற முடியும். அப்படி ஒரு சாய்தளம் இருந்தும் பயனில்லை.

அதனால் இந்த முடிவு வரைபடத்திலேயே எடுக்கப்பட வேண்டியது. வீட்டை மனையின் எந்தப் பக்கம் தள்ளிக் கட்டுவது, சாய்தளத்தைச் சுவரோரமாக மடக்கிக் கொண்டுவருவதா என்பதைக் கடைக்கால் போடும் முன்பே தீர்மானித்தால் செலவு அவ்வளவாக ஏறாது. கழிப்பறைக் கதவை அரை அடி அகலப்படுத்துவதும் அப்படித்தான். கட்டிய பிறகு என்றால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

பயனாளிகள் என்ன செய்யலாம்?

விண்ணப்பத்தோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலைக் கொடுத்து, 5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்க. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தரைத்தள வீடு வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்க.

தனி வீடு என்றால், பணி ஆணை வந்ததும் ஒன்றிய அலுவலகப் பொறியாளரிடம் சாய்தளம், கதவு அகலம், கழிப்பறை அளவு மூன்றையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்க.

பதில் இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம். அதன் பிறகு சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்ய வழி இருக்கிறது. மனுவின் நகலும் ரசீதும் கையில் இருக்கட்டும்.

மேரி வர்கீஸுக்கு அறுவை சிகிச்சை அரங்கத்துக்குள் வழி கிடைத்தது ஒரு டாக்டரின் நல்ல மனதால். இன்று திண்டிவனத்தில் வீடு கேட்பவர் யாருடைய நல்ல மனதுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, சட்டம் அவர் பக்கம் இருக்கு. கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.