பீரா நீலம்

இது ஒரு நிறத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவரின் கதை. சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் இளவரசர் பீரபோங்சே. சுருக்கமாக பீரா. 1914-ல் பிறந்தவர். 13 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். சிற்பக்கலை பயின்றார். ஆனால் மனசு முழுக்க ரேஸ் கார்தான்.

அந்தக் காலத்தில் பந்தயக் காரின் நிறமே அது எந்த நாட்டுடையது என்று சொல்லிவிடும். இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை. சயாமுக்கு எதுவும் கிடையாது. ஸ்காண்டிநேவியப் பெண் ஒருத்தி விருந்துக்கு உடுத்தி வந்த கவுனின் இளநீலம் பிடித்துப்போய், அதையே பீராவின் காருக்கு அடித்தார்கள் என்பார்கள். சக்கரங்களுக்கு மஞ்சள். பின்னாளில் இந்த இரண்டும்தான் சயாமின் பந்தய நிறங்கள் ஆயின.

எங்கப்பா லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். துணியை நீட்டி இதே கலர் வேணும்னு நிற்கிற பார்ட்டி இங்கேயும் உண்டாம். கலந்து கலந்து கை ஓய்ந்துபோகுமாம். சிமெண்ட் தூசி படிந்தால் அரியலூர் லாரி எல்லாம் ஒரே கலர்தான், அது வேறு விஷயம்.

1935-ல், 21-வது பிறந்தநாளுக்கு உறவினர் இளவரசர் சுலா ஒரு இ.ஆர்.ஏ. கார் வாங்கித் தந்தார். ஆறு சிலிண்டர், 1488 சி.சி., சூப்பர்சார்ஜர் (மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க!). பெயர் ரோமுலஸ். அதன் பக்கவாட்டில் ஒரு வெள்ளை எலி வரைந்திருக்கும். சுலாவின் செல்லப்பெயர் எலி! 1938-ல் வந்த இன்னொரு காருக்கு ஹனுமான் என்றே பெயர் வைத்தார்கள். ராமாயணம் அவர்களுக்கும் சொந்தம் அல்லவா.

1936-ல் மொனாக்கோவில், 1500 சி.சி. கார்களுக்கான பந்தயத்தில் ரோமுலஸ் முதலிடம். 1936, 37, 38 மூன்று வருடமும் பிரிட்டிஷ் ரேசிங் டிரைவர்ஸ் கிளப்பின் தங்க நட்சத்திரம் பீராவுக்கே. நாம் இங்கே அடிமைகளாக இருந்த நேரத்தில் ஓர் ஆசியாக்காரர் அங்கே வெள்ளைக்காரர்களை முந்திக்கொண்டிருந்தார். ராஜா வீட்டுப் பிள்ளை, பணம் இருந்தது, ஓட்டினார் என்று சிலர் சொல்லலாம். வளைவில் கார் வழுக்கும்போது ராஜா வீடு வந்து பிடிக்குமா என்ன?

1955-ல் நியூசிலாந்து கிராண்ட் பிரியை வென்றார். அந்த வருடமே ரேஸை விட்டார். பிறகு நான்கு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார்.

1985 டிசம்பர் 23. லண்டன் பேரன்ஸ் கோர்ட் பாதாள ரயில் நிலையத்தில் ஒரு முதியவர் மாரடைப்பில் விழுந்து இறந்தார். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாக்கெட்டில் இருந்த காகிதத்தின் எழுத்தும் போலீசுக்குப் புரியவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்கச் சொன்ன பிறகுதான் அது தாய்லாந்து எழுத்து என்றும், இறந்தவர் பீரா என்றும் தெரிந்தது.