கொழுத்த கன்றுக்குப் பதில் ஆட்டுக்குட்டி: அபே துபுவா படித்த வேதம்

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயம், நம் மக்கள் வாயில் சம்பா கோயில், 1791-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே ஓர் இளம் குரு பிரான்சிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். பெயர் ழான் அந்துவான் துபுவா. ஊர், தென் பிரான்சின் ஆர்தேஷ் பகுதி, பிறந்தது 1766. பாரீஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த அவர் புதுச்சேரி மிஷனில் சேர்க்கப்பட்டார். வரலாறு அவரை அபே துபுவா என்று அறியும்.

சில ஆண்டுகள் தமிழ்ப் பகுதிகளில் ஊழியம் செய்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க மைசூர் நாட்டுக்குப் போனார். இந்திய உடை உடுத்தினார். ஊர் வழக்கப்படி உண்டார். அம்மை குத்தும் முறையைப் பரப்பினார். ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு உழவுக் குடியிருப்புகள் அமைத்தார். மக்கள் அவரைக் கன்னடத்தில் தொட்ட சுவாமியவரு, அதாவது பெரிய சாமி, என்று அழைத்தனர்.

இந்துக்களின் பழக்கவழக்கங்கள், சடங்குகள் பற்றி அவர் எழுதிய பிரெஞ்சுக் கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. 1816-ல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1779-ல் புதுச்சேரியில் இறந்த சேசு சபைக் குரு கெர்தூவின் எழுத்திலிருந்தே அதன் பெரும்பகுதி எடுக்கப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா முர் எடுத்துக்காட்டினார்.

அந்த நூலில் சாதி அமைப்பை இந்துச் சட்டங்களிலேயே மிகச் சிறந்த ஏற்பாடு என்று துபுவா புகழ்கிறார். சாதிக் கட்டு இல்லாவிட்டால் மக்கள் எப்படிச் சீரழிவார்கள் என்பதற்கு அவர் காட்டும் சான்று பறையர்கள். அவர்கள் அடிமைகளைப்போல் நடத்தப்படுவதையும் அவரே எழுதுகிறார். அப்படி நடத்தப்படுவதுதான் அவர்களது நிலைக்குக் காரணம் என்ற முடிவுக்கு மட்டும் அவர் வரவில்லை.

இந்தப் பார்வை அவரது வேத வாசிப்பிலும் இறங்கியது. 1823 ஜனவரியில் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு லண்டனில் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தன. இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய அந்நூலில், வேதாகமத்தை இந்திய மொழிகளில் பெயர்த்து மக்கள் கையில் கொடுப்பது வீண், அது கேடாகவும் முடியும் என்று வாதிட்டார். வேதத்தில் மாட்டைக் கொல்கிறார்கள், பலி இடுகிறார்கள், மது அருந்துகிறார்கள். இதைப் படிக்கும் இந்து முகம் சுளித்துப் புத்தகத்தை மூடிவிடுவான் என்பது அவர் கணக்கு.

அதற்குத் தம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மகன் உவமையை ஒருமுறை பிரசங்கத்தில் விளக்கினார். திரும்பி வந்த மகனுக்காகத் தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கும் கதை அது. பிரசங்கம் முடிந்ததும் சபையார் சிலர் வந்து ஆட்சேபித்தார்கள். கன்றைப் பற்றிப் பேசினால், கேட்கும் இந்துக்கள் இதைப் பறையர் மதம் என்றே முடிவு கட்டுவார்கள். அடுத்தமுறை கன்றுக்குப் பதில் ஆட்டுக்குட்டி என்று சொல்லுங்கள் என்று ஆலோசனையும் தந்தார்கள்.

துபுவா இதை வேதம் இந்நாட்டுக்குப் பொருந்தாது என்பதற்குச் சான்றாக வைத்தார். ஆனால் அதே கடிதங்களில் அவரே ஒரு கணக்கும் தருகிறார். 25 ஆண்டு ஊழியத்தில் அவர் சேர்த்தவர்கள் 200 முதல் 300 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பறையர்களும் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்களும். தம்மிடம் வந்த அந்தப் பெரும்பான்மைக்குக் கன்று விருந்து அருவருப்பாக இருந்ததா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. இந்து என்றால் அவர் மனக்கண்ணில் வந்து நின்றது பிராமணரும் அவரைப் பின்பற்றிய உயர்சாதியினருமே.

ஒரு நூலுக்குப் பொருள் சொல்வது யார், யாருடைய கண்ணால் என்பதை இன்றைய வேதாகம ஆய்வு முதல் கேள்வியாக வைக்கிறது. 1980-களில் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியலை முன்வைத்தபோது செய்தது இதைத்தான். ஒடுக்கப்பட்டவரின் வாழ்விலிருந்து வேதத்தைப் படித்தால், தொழுவத்தில் பிறந்தவரும் ஒதுக்கப்பட்டவர்களோடு பந்தியில் அமர்ந்தவருமான இயேசு முன்னால் வருகிறார். சபையார் மறைக்கச் சொன்ன கன்று, அந்த வாசிப்பில் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டதன் அடையாளம்.

உவமையில் இன்னொருவரும் உண்டு. விருந்துக்கு வராமல் வாசலிலேயே கோபித்து நிற்கும் மூத்த மகன். இவரைப் புதுச்சேரிக்கு நன்றாகத் தெரியும். துபுவா வருவதற்கு 47 ஆண்டுகளுக்கு முன், 1745 அக்டோபரில், இங்கிருந்த பழைய கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவர் அவர்கள் முறையிட்டதன்பேரில் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் பொங்கி எழுந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதைப் பதிந்து வைத்திருக்கிறது. தம்பியோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்த அண்ணனின் கோபம் அது.

துபுவாவுக்கு மறுப்பும் வந்தது. பாளையங்கோட்டையில் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் 1824-ல் தனி நூலே எழுதினார். துபுவாவோ பாரீசில் தம் சபையின் குருமடத் தலைவராகி, 1848-ல் மறைந்தார். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ம் ஆண்டு ஏட்டின் வழியே, வேதாகமத்தை விசுவாசிகள் எல்லோரும் எளிதில் பெற வேண்டும் என்று அறிவித்தது.

புத்தகம் கைக்கு வந்துவிட்டது. சுவர் முழுதாகப் போய்விடவில்லை. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008-ல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது எழுந்த மோதல் துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்களைப் பறித்தது. பல ஊர்களில் கல்லறையும் தேர்ப்பாதையும் இன்னும் வழக்கில் நிற்கின்றன. லூக்கா 15-ம் அதிகாரம் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கோயில்களில் வாசிக்கப்படுகிறது. பிரசங்க மேடையில் நிற்பவர்கள் அங்கே கன்றைக் கன்று என்றே சொல்லட்டும். மூத்த மகன் யார் என்பதையும் பெயர் சொல்லி விளக்கட்டும்.