வெல்ஸும் வெண்திரையும்

நூலொன்றை விரும்பிப் படித்த ஒருவர், அதனைத் தழுவி எடுக்கப்பட்ட படத்தைப் பார்க்கச் செல்லும்போது இரசிகராக மட்டும் செல்வதில்லை; நீதிபதியாகவும் செல்கிறார். பாத்திரம் மாறிவிட்டது, முடிவு சிதைந்துவிட்டது, விஞ்ஞானம் வழுவிவிட்டது என்று அவர் சாட்டும் குற்றங்கள் பல. அதிசய ஆற்றல் படைத்த வீரர்களின் படங்களும் விண்வெளிப் படங்களும் உலகெங்கும் கொட்டகைகளை நிரப்பும் இக்காலத்திலே இவ்வழக்குகளுக்கு ஓய்வே இல்லை. கதை எழுதியவருக்கு உரியதா, படமாக்கியவருக்கு உரியதா, பார்ப்பவருக்கு உரியதா? இவ்வினாவைத் தம் வாழ்நாளிலேயே நேர்நின்று சந்தித்தவர் எச். ஜி. வெல்ஸ். இவ்வழக்கிலே அவர் வழக்காளியாகவும் நின்றார், எதிராளியாகவும் நின்றார். அவருடைய வரலாறு இன்றைய இரசிகருக்கும் ஒரு பாடமாகும்.

ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி இங்கிலாந்திலே கென்ற் மாகாணத்துப் புறோம்லியிற் பிறந்தார். தந்தையார் பீங்கான் பொருள்களும் கிரிக்கெற் சாமான்களும் விற்ற சிறு கடைக்காரர். பந்தெறிவதிலே பேர்பெற்ற ஆட்டக்காரருமாவார். தாயார் செல்வர் மாளிகையிலே பணிப்பெண்ணாக இருந்தவர். கடை இலாபம் தரவில்லை. ஏழு வயதிலே கால் முறிந்து படுக்கையிற் கிடந்த சிறுவனுக்கு நூல்களே துணையாயின. பதினைந்து வயதளவிலே துணிக்கடையொன்றிற் பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். நாள் முழுவதும் துணி மடிப்பதும், வாடிக்கையாளர் முன் வளைந்து நிற்பதும் அவர் உள்ளத்தை வருத்தின. 1883 இலே அக்கடையை உதறிவிட்டு மிட்ஹேர்ஸ்ற் பாடசாலையிலே மாணவ ஆசிரியரானார். அடுத்த ஆண்டு புலமைப் பரிசில் பெற்று இலண்டன் தென் கென்சிங்ரனிலிருந்த விஞ்ஞானக் கல்லூரியை அடைந்தார். அங்கே உயிரியல் கற்பித்தவர் டார்வினின் கொள்கையை நாடறியச் செய்த பேரறிஞர் ஹக்ஸ்லி.

கல்லூரியிலே மாணவர் சஞ்சிகையொன்றைத் தொடங்குவதில் முன்னின்றார் வெல்ஸ். காலத்தினூடே பயணஞ் செய்யும் மனிதனைப் பற்றிய கதையொன்று 1888 இல் அச்சஞ்சிகையிலேதான் வெளிவந்தது. ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 1893 இலே நோயால் இரத்தம் கக்கியமையால் கற்பித்தலைக் கைவிட்டுப் பேனாவையே நம்ப நேர்ந்தது. கல்லூரிச் சஞ்சிகைக் கதை வளர்ந்து, உருமாறி, 1895 இலே 'கால யந்திரம்' என்னும் நாவலாயிற்று. 'டாக்டர் மோரோவின் தீவு' 1896 இலும், 'புலப்படாத மனிதன்' 1897 இலும், 'உலகங்களின் போர்' 1898 இலும், 'சந்திரனில் முதல் மனிதர்' 1901 இலும் தொடர்ந்தன.

இவருடைய இலக்கிய வாழ்வும் சலனப்படமும் உடன்பிறந்தவை எனலாம். 'கால யந்திரம்' வெளிவந்த அதே 1895 இல், றொபேட் போல் என்ற இலண்டன் கருவித் தொழிலாளர் அதைக் காட்சியாக்கும் திட்டமொன்றுக்குக் காப்புரிமை கோரினார். பார்வையாளர் அசையும் மேடையில் அமர்ந்திருக்க, காற்று வீச, முன்னால் அசையும் படங்கள் தோன்ற, காலத்தையே கடந்து செல்லும் உணர்வை அவர்களுக்கு ஊட்டுவது நோக்கம். லூமியர் சகோதரர் பாரிஸிலே கட்டணம் பெற்றுப் படங்காட்டியது அவ்வாண்டு டிசெம்பர் 28 ஆம் திகதி. போலின் விண்ணப்பமோ அதற்கு இரு மாதங்கள் முந்தியது. அத்திட்டம் நிறைவேறவில்லை. எனினும் திரைப்படம் நன்கு பிறக்குமுன்னரே வெல்ஸின் கதை திரையைத் தேடிற்று என்பது வியப்புக்குரியது.

விஞ்ஞானக் கதை இரசிகர் என்ற புதிய வகுப்பார் உருவாவதற்கும் அவருடைய எழுத்துத் துணையாயிற்று. 1926 இல் அமெரிக்காவிலே ஹியூகோ கேர்ன்ஸ்பாக் தொடங்கிய சஞ்சிகை, முதல் இதழிலேயே வெல்ஸின் கதையொன்றை மறுபிரசுரஞ் செய்தது. வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டமையால் வாசகர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர், விவாதித்தனர், சங்கம் அமைத்தனர். இத்தகைய சஞ்சிகைகளைப் படித்து வளர்ந்த கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர், ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும், 1938 இலே சூப்பர்மானை உலகுக்கு அளித்தனர். இன்றைய திரை வீரர் பரம்பரையின் மூதாதை இரசிகர் கூட்டத்திலேயே பிறந்தான் என்பதை மறத்தலாகாது.

வெல்ஸும் கடுமையான இரசிகரே. 1927 இலே பிறிற்ஸ் லாங் என்னும் ஜேர்மன் நெறியாளரின் 'மெற்றோப்பொலிஸ்' திரைக்கு வந்தபோது, அமெரிக்க நாளிதழொன்றில் அதனை ஈவிரக்கமின்றித் தாக்கி எழுதினார். வானளாவிய மாளிகைகளிலே செல்வரும் நிலத்தடியிலே தொழிலாளரும் வாழும் அந்நகரம் காலங்கடந்த கற்பனை என்றார். நகரங்கள் உயர்வதை விடுத்துப் பரந்து விரிகின்றன. யந்திரம் பெருகப் பெருக வெறும் உடலுழைப்பாளர் தேவை குறைகிறது. இதனை அறியாதார் எதிர்காலத்தைக் காட்டப் புகுந்தனர் என்பது அவர் வாதம். தம் இளமைக்கால நாவலொன்றின் உதிர்ந்த துணுக்குகளையும் அப்படத்திற் கண்டதாகக் குறிப்பிட்டார்.

பின்னர் தம் சொந்தக் கதைகள் திரையேறியபோது அவர் பட்ட மனத்தாங்கல் வேறு வகையானது. 1932 இலே ஹொலிவூட் 'மோரோவின் தீவை' எடுத்தது. விலங்குகளை அறுத்து மனிதராக்க முயலும் அறிஞனின் கதை அது. நாவலிலே இல்லாத சிறுத்தைப் பெண்ணொருத்தியைப் படக்காரர் புகுத்தினர். வெல்ஸுக்கு அப்படம் சிறிதும் பிடிக்கவில்லை. 1933 இல் ஜேம்ஸ் வேல் நெறிப்படுத்திய 'புலப்படாத மனிதன்' அதனிலும் மேலானது. கிளோட் றெயின்ஸ் என்ற நடிகர் முகங்காட்டாமற் குரலாலேயே நடித்து, இறுதிக் காட்சியில் மட்டுமே முகங்காட்டினார். கரிய வெல்வெற் துணியைப் போர்த்து, கரிய பின்னணியின் முன் நடிகரை நிறுத்திப் படம்பிடித்து, வெற்று ஆடை தானே நடமாடும் அதிசயத்தை உண்டாக்கினர். படத்தை வெல்ஸ் விரும்பினார். ஆயினும் ஒரு குறை கூறினார் என்பர்: தாம் படைத்த அறிஞனைப் பைத்தியக்காரனாக்கிவிட்டனர் என்பதே அது.

இக்குறை சிறிதன்று. நாவலிலே கிறிபின் மருந்தினால் வெறிகொண்டவனல்லன். புலப்படாதவனாகுமுன்னரே தந்தையின் பணத்தைத் திருடியவன். அதன் விளைவாகத் தந்தை உயிர் நீத்தபோதும் கலங்காதவன். எவரும் காணாதபோது மனிதன் எவ்வாறு நடப்பான் என்பதே வெல்ஸ் எழுப்பிய வினா. படமோ பழியை மருந்தின்மேற் போட்டு அவ்வினாவிலிருந்து நழுவிற்று.

பிறர் கெடுக்கின்றனரென்றால் தாமே எழுதுவது தகும் அன்றோ? அவ்வாய்ப்பும் வெல்ஸுக்குக் கிட்டியது. தயாரிப்பாளர் அலெக்ஸாந்தர் கோர்டா பெரும்பொருள் செலவிட்டு, 1936 இலே 'வரவிருப்பவை' என்ற படத்தை வெளியிட்டார். திரைக்கதை வெல்ஸினுடையது; நெறியாள்கை வில்லியம் கமரன் மென்சிஸ்; இசை ஆதர் பிளிஸ். லாங் தம் படத்திற் செய்தவற்றுக்கு நேர்மாறானவற்றையே செய்தல் வேண்டும் என்று தொழிற்கலைஞருக்கு வெல்ஸ் எழுத்துமூலம் அறிவுறுத்தினார். 1940 இல் நத்தார் காலத்திலே போர் மூள்வதாகவும், விமானங்கள் நகரின்மேற் குண்டு பொழிவதாகவும் அப்படம் காட்டிற்று. உண்மைப் போர் 1939 இலே தொடங்கி, 1940 இல் இலண்டன் எரிந்தபோது பார்த்தவர் அக்காட்சிகளை நினைந்திருப்பர். எனினும் படத்தின் மாந்தர் உரையாடுவதிலும் பார்க்க உரையாற்றுவதே மிகுதி. காட்சியமைப்பும் இசையும் புகழ்பெற்றன. பெருவாரியான மக்களோ எதிர்பார்த்த அளவுக்குத் திரண்டு வரவில்லை. ஆசிரியருக்கு முழு விசுவாசத்தோடு எடுக்கப்பட்ட படத்துக்கு நேர்ந்த கதி இது.

இதிலே மற்றொரு முரணும் உண்டு. அப்படத்தின் இறுதியிலே, 2036 இல், இளைஞர் இருவர் மாபெரும் பீரங்கியினாலே சந்திரனை நோக்கி எறியப்படுகின்றனர். அது 1865 இலே ஜூல்ஸ் வேர்ண் எழுதிய உபாயம். அவ்வாறு எறியப்படுவோர் முதல் விசையிலேயே நசுங்கி மடிவர். வெல்ஸ் எள்ளி நகையாடிய பிறிற்ஸ் லாங்கோ, 1929 இலேயே 'சந்திரனில் மங்கை' என்னும் படத்திலே, ஹேர்மன் ஒபேர்த் என்ற அறிஞரின் துணையோடு அடுக்கு ரொக்கெற்றைக் காட்டியிருந்தார். சிறுவயதிலே 'உலகங்களின் போரை'ப் படித்து உள்ளம் பறிகொடுத்த அமெரிக்கர் றொபேட் கொடார்ட், 1926 இலே திரவ எரிபொருள் ரொக்கெற்றை முதன்முதலிற் பறக்கவிட்டார். அந்நாவல் தம்மை ஆட்கொண்டதை 1932 இலே வெல்ஸுக்குக் கடிதமாகவும் எழுதினார். கதையின் கனவை மெய்யாக்கும் வழியை, எழுதியவரிலும் பார்க்க வாசகரே தெளிவாகக் கண்டார் எனலாம்.

அதே கோர்டாவுக்காக வெல்ஸ் எழுதிய மற்றொரு படம் 'அற்புதங்கள் புரிந்த மனிதன்'. துணிக்கடைச் சிப்பந்தி ஒருவனுக்குத் திடீரென எல்லையற்ற ஆற்றல் வாய்க்கிறது. உலகைத் திருத்தப் புறப்பட்டு, இறுதியிலே பூமியின் சுழற்சியை நிறுத்துமாறு பணித்துப் பேரழிவை விளைவிக்கிறான். அதிசய ஆற்றல் பெற்றவன் நல்லவனாகவே இருந்தாலும் போதுமோ என்ற ஐயத்தைச் சூப்பர்மான் தோன்றுமுன்னரே வெல்ஸ் எழுப்பிவிட்டார். துணிக்கடையின் துயரறிந்தவர் எழுதியமையாலோ என்னவோ, இப்படத்திலே சொற்பொழிவிலும் பார்க்க மனிதவாசனை அதிகம்.

1938 ஒக்டோபர் 30 ஆம் திகதி அமெரிக்க வானொலியிலே 'உலகங்களின் போர்' நாடகமாயிற்று. நடத்தியவர் ஒர்சன் வெல்ஸ், பெயர் ஒத்திருப்பினும் உறவினரல்லர், வயது 23. கதை நிகழுமிடம் நியூ ஜேர்சிக்கு மாற்றப்பட்டது; செய்தி அறிவித்தல் போலவே நாடகம் ஒலித்தது. நாடே பீதியடைந்ததென மறுநாட் பத்திரிகைகள் எழுதியவை பெரிதும் மிகை எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். தம் நூலை இவ்வளவு மாற்றியமை குறித்து மூத்த வெல்ஸ் முதலிற் சினங்கொண்டார். ஆயினும் 1940 இலே ரெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோவில் இருவரும் சந்தித்து வானொலியிலே அளவளாவியபோது அச்சினம் தணிந்திருந்தது. இளையவரின் புதிய படத்தைப் பற்றியும் முதியவர் அன்போடு வினவினார். அப்படமே அடுத்த ஆண்டு வெளிவந்த 'சிற்றிசன் கேன்'.

அச்சினம் தணிந்ததிலே ஒரு நியாயம் உண்டு. வெல்ஸ் அந்நாவலை எழுதிய காலத்திலே வோக்கிங் என்னுமூரில் வாழ்ந்தார். சைக்கிளிலே சுற்றித் தாமறிந்த தெருக்களையும் வெளிகளையுமே செவ்வாய்க்கிரகத்தார் அழிப்பதாக எழுதினார். அமெரிக்கருக்கு அமெரிக்க ஊரையே அழித்துக் காட்டியவர், சொல்லைக் கைவிட்டாலும் முறையைக் கைவிடவில்லை. கைவிடப்பட்டது வேறொன்று. தஸ்மேனியாவின் பழங்குடியினரை ஐரோப்பியக் குடியேறிகள் அழித்ததை நாவலின் முதல் அத்தியாயமே நினைவூட்டுகிறது. பேரரசு பிறர்க்குச் செய்தது பேரரசுக்கே நேர்ந்தால் எவ்வாறிருக்கும் என்பதே அந்நூலின் மனச்சாட்சி.

வெல்ஸ் 1946 ஓகஸ்ட் 13 ஆம் திகதி இலண்டனிற் காலமானார். 1953 இல் ஜோர்ஜ் பால் தயாரித்த படம் தந்திரக் காட்சிகளுக்காக ஒஸ்கார் பரிசு பெற்றது. ஆனால் அம்மனச்சாட்சி அதிலும் இல்லை. நாவலிலே அச்சத்தால் அறிவிழக்கும் மதகுரு, படத்திலே உயிர்துறக்கும் தியாகியானார். 2002 இலே வெல்ஸின் பூட்டனாரே நெறிப்படுத்திய 'கால யந்திரம்' காதலியின் மரணத்தைப் பயணத்துக்குக் காரணமாக்கிற்று. வர்க்க வேற்றுமை பற்றிய எச்சரிக்கை மங்கிற்று. இரத்த உறவும் விசுவாசத்துக்கு உறுதியன்று.

மறுதலையாக, 2020 இலே வெளிவந்த 'புலப்படாத மனிதன்' நாவலின் ஊரையும் காலத்தையும் நிகழ்ச்சிகளையும் ஏறக்குறைய முற்றாகவே நீக்கிவிட்டது. துன்புறுத்தப்படும் பெண்ணொருத்தியின் கண்களினூடே கதை செல்கிறது. மருந்துமில்லை, வெறியுமில்லை. கொடுமை அம்மனிதனின் இயல்பிலேயே உறைகிறது. 1933 இலே வெல்ஸ் தொடுத்த வழக்குக்கு எண்பத்தேழு ஆண்டுகளின் பின் கிடைத்த தீர்ப்பு இதுவெனின் மிகையாகாது.

படத்தைப் பார்த்துவிட்டு வழக்குத் தொடுக்கும் இரசிகரை எள்ளுவோர் உளர். அவ்வழக்கு அன்பினாலே பிறப்பது. வெல்ஸே அதனைத் தொடுத்தவர். ஆனால் எதனை வினவ வேண்டுமென்பதை அவர் வரலாறு தெளிவாக்குகிறது. ஊர் மாறலாம்; பெயர் மாறலாம்; பாத்திரம் கூடலாம், குறையலாம். மூல நூல் எழுப்பிய வினா உயிரோடிருக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.